சார்ஜ் ஏறும் சத்தம்

ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றதை முதலில் கேட்டது ஈவாஞ்சலின்தான். மின்விசிறிகள் தயங்கித் தயங்கிச் சுற்றி ஓய்ந்த பிறகே மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது.

“கரெண்டு போயிட்டு,” என்று நாலைந்து பேர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல ஒரே நேரத்தில் அறிவித்தார்கள்.

பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே அவள் கணவர் நேசக்குமார் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாகப் படுத்திருந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு அது. அவருடைய அக்கா இன்பமணி எங்கிருந்தோ தேடி எடுத்து, பின்பக்கம் கிழித்து, மாட்டிவிட்டிருந்தாள். இறந்து இரண்டாவது நாள். துபாயிலிருந்து மகன் ஜெனோ வந்து முகம் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

“மாசாந்திர பராமரிப்பாம். சாயங்காலம்தான் வருமாம். பேப்பர்ல போட்டிருக்கான்,” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி.

பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பார்த்து, “ஏளா ஈவா, நாளைக்குத் தண்ணி ஏத்தி வச்சிரு,” என்று சொல்வது நேசக்குமாரின் வேலை. இந்த வீட்டில் வேறு யாரும் அதை வாசித்ததில்லை.

“ஊருக்கெல்லாம் கரெண்டு காய்ச்சி அனுப்புற ஊரு,” என்றாள் இன்பமணி, ஜன்னல் வழியே தெரிந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் கையால் காட்டி. “அந்தா நிக்கி பாரு, நாலு கொம்பு. ஒரு சாவு வீட்டுக்கு வெளக்கெரிய வக்கில்ல.”

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவரிடம் ஜெனரேட்டர் கேட்டார்கள். “முகூர்த்த நாளுல்லா மைனி, எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு. மூடியத் தொறக்காம இருந்தா ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்று போனில் சொல்லிவிட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

ஈவாஞ்சலின் மகனைக் கூப்பிட்டாள். அவன் வந்த விமானம் வாகைக்குளத்தில் மேகம் என்று இறங்காமல் மதுரைக்குத் திரும்பியிருந்தது. அங்கிருந்து கார்.

“எங்கன வார?”

“அருப்புக்கோட்டை இன்னும் வரலம்மா. ரோட்டு வேலை நடக்கு. எனக்காக வச்சிருப்பிய இல்ல?”

“வச்சிருப்போம்,” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கம் ஓர் ஓரத்தில் மெல்லிசாக ஈரம் கோர்க்கத் தொடங்கியிருந்தது.

இன்பமணி அருகில் வந்து குரலைத் தணித்தாள். அவள் குரலைத் தணித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்காது, அவ்வளவுதான். “ஏளா, கோவப்படாத. பிள்ளைக்காக வச்சிருந்து, அவன் வரும்போது பாக்கக் கூடாத கோலத்துல இருந்துட்டா? சபை ஐயருக்கும் மத்தியானம் வேற ஒரு சேகரத்துக் கோயில்ல அடக்கம் இருக்காம். ஜெபத்த முடிச்சி எடுத்துருவோம். ஜெனோ கல்லறையில வந்து பாத்துக்கிடட்டும்.”

“மண்ணப் பாக்கவா அவன் துபாயில இருந்து வாரான்?”

“அப்பம் நீயே கரெண்டு கொண்டா.”

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்னவள் உட்பட எல்லாருடைய கண்களும் ஒரு நொடி ஒரே பக்கம் திரும்பின. கொல்லைச் சுவருக்கு அப்பால், தார்ப்பாய்க்குக் கீழே, அந்தப் படகு நின்றது.

அந்தப் படகைப் பற்றிக் கேட்டால் ஈவாஞ்சலினுக்குத் தலைவலி வரும். கப்பல் எஞ்சினியராக உலகம் சுற்றிவிட்டு வந்த நேசக்குமார், தெரேஸ்புரம் போகிற ரோட்டில் வீட்டோடு ஒரு படகுப் பட்டறையும் போட்டார். எல்லாரையும்போல விசைப்படகு கட்டியிருக்கலாம். அவருக்கு வந்து சேர்ந்ததோ, கடற்கரையில் விடுதி கட்டிய ஒருவர் கேட்ட மூழ்கும் உல்லாசப் படகு. மேலே நாற்காலி போட்டுக் காற்று வாங்கலாம். தீவுப் பக்கம் போனதும் எல்லாரும் உள்ளே இறங்கிக் கதவை அடைத்துக்கொண்டால் படகு மெல்ல நீருக்குள் போகும். ஒரு காலத்தில் முத்துச் சிப்பி எடுத்த கடலடிப் பார்களையும் பவளப் பாறைகளையும் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, சட்டை நனையாமல் மேலே வரலாம்.

அதை அவர் எப்படி ஓட்டப் போகிறார் என்பது வருஷக்கணக்காக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த பாடம். தம்ளர்தான் டீசல் எஞ்சின். சாம்பார்க் கிண்ணம் ஜெனரேட்டர். இட்லிகள் பேட்டரி. கரண்டி புரொப்பல்லர்.

விஷயம் இதுதான். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். கடலுக்கு மேலே காற்றுக்குப் பஞ்சமில்லை. உள்ளே போய்விட்டால் காற்றும் இல்லை, புகையை விட இடமும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டால் ஆட்கள் சுவாசிக்கிற காற்றை அதுவே குடித்துத் தீர்த்துவிடும். சரி, பேட்டரியும் மோட்டாரும் மட்டும் போதுமே என்றால், கரையிலிருந்து தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். இரண்டையும் கட்டிப்போடுவதில்தான் நேசக்குமாரின் சந்தோஷம் இருந்தது. அவர் எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவே எந்தத் தண்டும் வைக்கவில்லை. எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். ஜெனரேட்டர் கரண்டைக் கொடுக்கும். அதில் ஒரு பங்கு மோட்டாரை ஓட்டும், மிச்சம் பேட்டரியில் ஏறும். புரொப்பல்லரைச் சுற்றுவது எப்போதும் மோட்டார்தான். கரண்ட் எஞ்சினிலிருந்து வருகிறதா பேட்டரியிலிருந்து வருகிறதா என்பது மோட்டாருக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. மூழ்கும்போது எஞ்சினை நிறுத்திப் புகைக்குழாயை அடைத்தால் போதும். மோட்டார் ஒரு சுற்றும் தப்பாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமில்லாமல்.

“நம்ம ஊர்ல சிப்பி எடுத்தவன் செஞ்சது வேற என்ன?” என்பார் கையில் இட்லியோடு. “மேல இருக்கும்போது மூச்ச இழுத்து நெறச்சிக்கிடுதான். கீழ போயி அத வச்சி வேலை பாக்கான். டீசல்தாம் மூச்சு இழுக்குறது. பேட்டரி அடக்கி வச்ச மூச்சு.”

ஈவாஞ்சலின் முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்தவள். “மூச்சுல இருக்கது ஆக்சிஜன். பேட்டரியில இருக்கது ரசாயன ஆற்றல். ரெண்டும் ஒண்ணுன்னு எங் கிளாஸ் பிள்ளைங்க பரீட்சையில எழுதுனா சுழிச்சி விட்டுருவேன். மொதல்ல பேட்டரியத் தின்னுங்க, ஆறுது.”

விடுதிக்காரர் எடை குறைந்த லித்தியம் பேட்டரி கேட்டபோது இன்னொரு வாரம் சாப்பாடு ஆறியது. நேசக்குமார் ஈயத் தகட்டு பேட்டரியில் பிடிவாதமாக இருந்தார். “மூழ்கணும்னு கட்டுத போட்டுக்கு எடை எதுக்குளா கொறையணும்? லித்தியத்தப் போட்டா, அப்பறம் மூழ்கமாட்டேங்குன்னு அடியில ஈயக்கட்டி வைக்கணும். அந்த ஈயத்தையே பேட்டரியா வச்சிட்டா ரெண்டு வேலையுல்லா நடக்கு!” அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம்தான், அதைக் காலியாகப் போட்டு வைக்கக் கூடாது. சார்ஜ் இறங்கியதும் ஏற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் தகடுகளில் வெள்ளைப் பொருக்குக் கட்டி, பிறகு என்ன செய்தாலும் பழையபடி பிடிக்காது.

இறந்த அன்று காலையில் அவர் அந்தச் சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு, வெறும் பேட்டரியில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பது. “இத முடிச்சிட்டு வாரேன், தோசைய ஊத்து,” என்று போனார். ஊற்றினாள். ஆறிற்று. வழக்கம்தானே என்று இன்னொன்று ஊற்றினாள். அதுவும் ஆறிய பிறகு வெல்டர் வில்பிரட்டை அனுப்பினாள். அவன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “டீச்சர்” என்று கத்தினான். மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாளாக வருகிறவர்கள் எல்லாம், “ஆசையாக் கட்டுன போட்டுலயே உயிர விட்டுட்டாரே, கொடுத்து வச்சவரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று காலை அவர் தொடாமல் போன பிரஷர் மாத்திரை அட்டை சாப்பாட்டு மேஜையில் அப்படியே கிடந்தது.

இப்போது அவள் எழுந்தாள். துக்க வீட்டில் பெட்டிக்கு அருகே இருக்க வேண்டியவள் எழுந்து போவதைப் பார்த்துப் பெண்கள் வழிவிட்டார்கள், குமட்டல் வந்துவிட்டது என்று நினைத்து.

“வில்பிரட், அந்த நீள ஒயர எடு.”

“டீச்சர், அண்ணாச்சி அதுல யாரையும் தொட விடமாட்டாவ. எனக்கு வெல்டிங்தாம் தெரியும்.”

“ஒன்னைய யாரு தொடச் சொன்னா? ஒயர மட்டும் பிடி.”

அவளும் அந்தப் படகுக்குள் ஒரு தடவைதான் இறங்கியிருந்தாள், அதுவும் சண்டை போட. இப்போது வளைந்த ஏணியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். உள்ளே டீசலும் பெயிண்டும் அவர் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் கலந்த வாடை. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பலகையில் ஐந்து விளக்குகள்: நாலு பச்சை, அடியில் ஒரு சிவப்பு. இரண்டு பச்சை மட்டும் எரிந்தன. பச்சை முழுதும் தீர்ந்து சிவப்புக்கு வந்தால் பலகை மற்ற எல்லாவற்றையும் தானே துண்டித்துவிடும். அந்தக் கடைசிப் பங்கு நீருக்குள்ளிருந்து மேலே வருவதற்கு மட்டும். மாவரைத்துக்கொண்டிருந்தபோது கேட்ட பாடம்.

‘சார்ஜ் போடாமலே போயிட்டீங்களே’ என்று பல்லைக் கடித்தாள். பயணிகளுக்குக் காபி போடுவதற்கென்று அவர் வைத்திருந்த சாதாரணப் பிளக் சுவரில் இருந்தது. ஒயரைச் சொருகி, பெரிய சுவிட்சைத் திருப்பினாள். வில்பிரட் ஒயரைச் சுவர்மேல் தூக்கிப் போட்டு, ஜன்னல் வழியே உள்ளே விட்டான்.

பெட்டி மறுபடி உறுமியது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை, புகை இல்லை.

“என்ன மாயம்ளா இது?” என்றாள் இன்பமணி.

“மாயம் ஒண்ணுமில்ல. பேட்டரி. இந்த ஒயர்ல பெட்டியத் தவிர வேற எதையும் சொருகக் கூடாது. போன் சார்ஜர்கூட. கேட்டுதா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மறுபடி பெட்டிக்கு அருகே உட்கார்ந்தாள். கணக்குப் போட்டாள். பெட்டி இரண்டு ஃபிரிட்ஜ் இழுப்பதை இழுக்கும். ஜெனோ வரும்வரை தாங்கும். தாராளமாகத் தாங்கும்.

சபை ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். பாடகர் குழு வந்தது. ஜெபம் தொடங்கியது. முதல் கீர்த்தனையை வாயால் பாடினார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனாலும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது பாட்டுக்குக் கீபோர்டு சேர்ந்துகொண்டது. மைக்கில் ஐயரின் குரல் தெருமுனைவரை போனது. பந்தலில் தரை விசிறி ஒன்று சுற்றி, உட்கார்ந்திருந்தவர்களின் துண்டுகளைப் படபடக்க வைத்தது.

ஈவாஞ்சலினுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகுதான், கரெண்டு இல்லாத வீட்டில் மைக் எப்படிப் பேசுகிறது என்று யோசித்தாள்.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் ஐஸ் பெட்டியின் பிளக்கோடு ஒரு நீட்டிப்புப் பலகை. அதிலிருந்து கீபோர்டு, மைக் செட், விசிறி. கடைசியாக, கூட்டத்துக்குக் காபி போட மின்சாரக் கொதிகலன்.

“மைனி!”

“மெதுவாளா! பாட்டில்லாமலா என் தம்பிய எடுக்கது? ஐயரு தொண்ட கட்டிருக்குங்காரு. வந்த சனத்துக்கு ஒரு வாய் காப்பி வேண்டாமா? இம்புட்டுப் பெரிய போட்டு, ஒரு காப்பிக்குத் தாங்காதா?”

கொதிகலன் ஒன்றே பத்துப் பெட்டிக்குச் சமம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கொல்லைச் சுவருக்கு அப்பால் படகு கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. விசிறி நின்றது. மைக் செத்தது. பெட்டி அடங்கியது. ஐயர் வாயசைத்தார், குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

ஈவாஞ்சலின் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கினாள். கொதிகலனைப் பிடுங்கும்போது கொஞ்சம் அதிக வேகத்தோடு பிடுங்கினாள். பெட்டியை மட்டும் விட்டுவிட்டு, ஜெபத்தின் நடுவே, கூட்டத்தின் குறுக்கே நடந்தாள்.

உள்ளே சிவப்பு எரிந்தது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு சுவிட்ச். அதைத் தட்டினால் மேலே வருவதற்கு வைத்த பங்கிலிருந்தும் எடுக்கலாம். படகு கரையில் நிற்கிறது, எங்கே மேலே வரப்போகிறது? கை மூடிவரை போயிற்று. ‘அதத் தொட்டுப் பழகிட்டா ஒருநாள் தண்ணிக்குள்ளயும் தொடுவோம்’ என்று அவர் சொல்வார். கையை எடுத்துக்கொண்டாள். இனி இருப்பது டீசல்.

அந்த டீசலோடு அவளுக்கு நீண்ட பகை. மத்தியானத் தூக்கத்தில், குடும்ப ஜெபத்தில், ஒரு முறை ஜெனோவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அது வெடித்துக் கிளம்பும். “ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்,” என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறாள்.

“வில்பிரட்! தொட்டித் தண்ணியத் தொறந்து விடு. சிவப்பு ஹோஸ்!”

கடலில் நிற்கிற படகென்றால் எஞ்சின் கடல் தண்ணீரை இழுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கரையில் நிற்பதற்குத் தொட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அது தேங்கி நிற்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆகவே முதலில் ப்ளோயர், தேங்கிய காற்றை வெளியே தள்ளுகிற விசிறி. அதற்கும் எஞ்சினைக் கிளப்புவதற்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருந்தது. ப்ளோயரைப் போட்டுவிட்டு வெளிக்காற்று வந்து முகத்தில் படும்வரை நின்றாள். பிறகு புகைக்குழாய் வால்வைத் திறந்தாள். எண்ணெய் மட்டம் பார்த்தாள். எல்லாம் வரிசையாக வந்தது, யாரோ பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வதுபோல. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாவியைத் திருப்பினாள்.

படகு குலுங்கியது. குழாய் ஒரு கரும்புகையைத் துப்பிவிட்டுத் தெளிந்தது. முருங்கை மரத்திலிருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. சிவப்பு விளக்கு ஒரு முறை இமைத்து, அதற்கு மேலே ஒரு பச்சை வந்தது.

அவள் வெளியே வந்தபோது சுவருக்கு மேலே இன்பமணியின் தலை தெரிந்தது. “ஏளா, கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு? உள்ள ஜெபம் நடக்கு! ஐயரு என்ன சொல்லுதாருன்னே கேக்கல!”

“ஆண்டவருக்குக் கேக்கும் மைனி.”

“காது கிழியுது!”

“காப்பி போடுங்க. இப்பம் போடலாம்.”

ஜெபம் எஞ்சினோடு போட்டி போட்டுக்கொண்டு நடந்தது. ஐயர் நல்ல மனிதர். சங்கீதத்தைக் கத்தியே வாசித்தார். பாடகர் குழுவுக்கு அது ஒருவிதத்தில் வசதியாகவும் போயிற்று, சுருதி பேதம் தெரியவில்லை. பெட்டிக் கண்ணாடியில் கோர்த்திருந்த ஈரம் வற்றிவிட்டிருந்தது.

கடைசிப் பாட்டு முடியும் முன்பே கார் வந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆள் உள்ளே வரவில்லை. ஈவாஞ்சலின் வாசலுக்குப் போனாள்.

ஜெனோ கையில் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றான். அவன் பந்தலைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு வந்திருந்தது. அவள் நெருங்க நெருங்க அது போயிற்று.

“யாரும்மா ஓட்டுறது?”

“நாந்தான்.” பிறகு, அவன் ஏதோ கேட்டுவிடுவான் என்பதுபோல, “ப்ளோயர் போட்டுட்டுத்தான் போட்டேன்,” என்றாள்.

அவன் தலையாட்டினான். பையை அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே போனான்.

அவன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில், சாயங்காலம் வர வேண்டிய கரெண்டு முன்கூட்டியே வந்தது. விசிறிகள் எல்லாம் சேர்ந்து சுற்றின. மைக் ஒரு முறை ஊளையிட்டது. “இதுக்குத்தானா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்றாள் இன்பமணி. சொல்லிவிட்டுத் தானே அழுதாள்.

தூக்குகிற நேரத்தில் வில்பிரட் போய் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தான். அவனுக்கும் தோள் கொடுக்க வேண்டும். கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் மணல் ஈரமாக இருந்தது. எல்லாரையும்போல ஈவாஞ்சலினும் ஒரு பிடி போட்டாள்.

திரும்பி வந்தபோது உறவுக்காரர்கள் பந்தலில் சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் குளிக்கச் சொன்னார்கள், படுக்கச் சொன்னார்கள், ஒரு வாய் சாப்பிடச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து பட்டறைக்குப் போனாள்.

சற்று நேரத்தில் டீசல் கிளம்பியது.

“மறுபடியுமா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்பமணி கத்தினாள். “அதான் கரெண்டு வந்துட்டே! இன்னும் எதுக்குளா?”

“பேட்டரி பாதியில நிக்கி!” ஈவாஞ்சலினும் கத்தினாள். “அப்படியே போடக் கூடாது!”

“ஒன் புருசனுக்குத் தப்பாம வந்து வாச்சிருக்கியே!”

ஜெனோ இரண்டு தம்ளரில் காபி கொண்டுவந்து, ஏணி வழியே ஒன்றை நீட்டிவிட்டு, மற்றதோடு தானும் இறங்கினான். உள்ளே உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்தான். சத்தத்தில் பேச முடியாது. மூன்றாவது பச்சை வந்தது. சுவருக்கு அப்பால் பாத்திரங்கள் உருண்டு, பேச்சுகள் குறைந்து, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தார்ப்பாயின் கிழிசல் வழியே விழுந்திருந்த வெயில் பலகையிலிருந்து இறங்கி அவள் காலடிக்கு வந்தது.

நாலாவது பச்சையும் வந்து வெகுநேரம் கழித்து, எஞ்சினின் சத்தம் மெல்ல மாறியது. பேட்டரி நிறைய நிறைய அது வாங்குகிற கரண்ட் குறையும். வாங்குவது குறைந்தால் ஜெனரேட்டரின் இழுப்பு குறையும். இழுப்பு குறைந்தால் எஞ்சினுக்குச் சுமை விட்டுப்போகும். திணறலாக இருந்த சத்தம் லேசாகிவிடும். சாப்பாட்டு மேஜையில் நேசக்குமார் பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, கையில் சோற்றோடு அதைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு எஞ்சினை நிறுத்த எழுந்து போவார்.

ஜெனோ எழுந்து சுவிட்சின் மேல் கையை வைத்தான். அம்மாவைப் பார்த்தான்.

ஈவாஞ்சலின் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். “இன்னும் கொஞ்சம்,” என்றாள்.

கையிலிருந்த காபியில் ஆடை படிந்திருந்தது. அவள் அதை ஒரு விரலால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, ஆறியதைக் குடித்தாள்.